சினைமாட்டுக்கு முதல் நிழல்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான்கு மாடு, ஒரு கிடேரி, ஒரு ஏக்கருக்கும் குறைவான கழனி, படிக்கிற மகன், வெளியூர் வேலைக்குப் போன வீட்டுக்காரர் என்று எல்லாவற்றையும் விவரமாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு வரி மட்டும் என்னை விடவில்லை. போன சித்திரையில் பால் ஊற்றுகிற இடத்தில் பால்மானியில் டிகிரி குறைகிறதே, தண்ணி கலந்தீங்களா என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் கலக்கவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாலில் கொழுப்பு கட்டுவதற்கு நார்த்தீவனம் வேண்டும். வெயிலில் மாடு வைக்கோலை ஒதுக்கிவிட்டுத் தவிட்டுத் தண்ணியை மட்டும் உறிஞ்சினால் கொழுப்பு இறங்கும், டிகிரியைத் தாங்குகிற மற்ற சத்தும் கூடவே இறங்கும். நேர்மையாகக் கறந்து ஊற்றுகிறவர்களுக்கும் கோடையில் இது நடக்கிறது. இதைக் கேட்டவர்களுக்கும் நீங்கள் தலைநிமிர்ந்து சொல்லலாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பால் வற்றி ஏழு மாதச் சினையாக நிற்கிற மாட்டை விற்றுவிடலாமா, சும்மா நின்று தின்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். விற்காதீர்கள். விற்காமல் இருப்பது மட்டும் போதாது. உங்கள் கொட்டாயில் நல்ல நிழலும் நல்ல காற்றும் எந்த மூலையில் இருக்கிறதோ அந்த மூலையை இந்தக் கோடையில் அந்த மாட்டுக்குக் கொடுங்கள். கறக்கிற மாட்டைக்கூடப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கத்தான் இந்த நீண்ட கடிதம். உங்களைப் போலவே மாடு வைத்திருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று பத்திரிகையிலேயே எழுதுகிறேன்.

மாட்டின் வயிற்றுக்குள் எப்போதும் ஓர் அடுப்பு எரிகிறது. தின்ற தீவனத்தை நுண்ணுயிர்கள் நொதிக்க வைக்கும்போது சூடு பிறக்கிறது. வைக்கோல் போன்ற நார்த்தீவனத்துக்கு இந்தச் சூடு இன்னும் அதிகம். மார்கழியில் அதுவே மாட்டுக்குப் போர்வை. கத்திரியில் வெளியே நாற்பது டிகிரியை வெயில் தொடும்போது, உள்ளே பிறக்கிற சூட்டை வெளியேற்ற வழியில்லாமல் போகிறது. மாட்டின் உடம்புச் சூடு 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில் நிற்க வேண்டும். அதைத் தாண்டாமல் இருக்க மாடு முதலில் செய்வது தீவனத்தைக் குறைத்துக்கொள்வது, அடுத்தது பாலைக் குறைத்துக்கொள்வது. உங்கள் கலப்பின ஜெர்சியின் பாட்டன் பூட்டன் வந்தது இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே கடலில் இருக்கிற ஒரு குளிர்ந்த தீவிலிருந்து. நம் நாட்டு மாட்டுக்கு இருக்கிற தளர்ந்த தோலும் தொங்குகிற தாடியும் வியர்க்கிற திறனும் அதற்கு முழுதாக இல்லை. அதற்காகக் கலப்பினத்தை விற்றுவிட்டு நாட்டு மாட்டுக்கு மாறுங்கள் என்று உபதேசம் செய்ய மாட்டேன். மகனின் படிப்புச் செலவு எந்த மாட்டிலிருந்து வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆக, வெயிலில் பால் குறைவது மாடு தன் உயிரைக் காத்துக்கொள்ளச் செய்கிற காரியம். அந்த நேரத்தில் பாலை ஏற்ற வேண்டும் என்று தவிட்டையும் கழுநீரையும் சோற்றுக் கஞ்சியையும் கூட்டிக் கூட்டி ஊற்றுவதுதான் நம் பக்கத்தில் நடக்கிற பெரிய தவறு. பசி மந்தமான வயிற்றில் மாவுச்சத்து போய்ச் சேர்ந்தால் புளித்து, அசை நின்று, கழிச்சல் கண்டு, மாடு படுத்துவிடும். கல்யாண மண்டபத்து மிச்சச் சோற்றைக் கோடையில் தொட்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

நாம் இருக்கிற செஞ்சியின் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோட்டை நிற்கிற ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் மூன்றும் மொட்டைப் பாறைக் குன்றுகள். சுற்று ஊர்களிலும் கழனிக்கு நடுவே பாறைகள் குவிந்து கிடக்கின்றன. பகலெல்லாம் வாங்கிய சூட்டை அந்தக் கற்கள் ராத்திரியில்தான் விடுகின்றன. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் உள்ளது நம் கோட்டை ஒன்றுதான். பார்க்க வருகிறவர்கள் வெயில் ஏறுவதற்குள் இறங்கிப் போய்விடலாம். உங்களுக்கும் உங்கள் மாட்டுக்கும் அந்தப் பாறையின் பக்கத்தில்தான் ராத்திரி.

மாட்டுக்கு முக்கியமானது அந்த ராத்திரிதான். பகலில் ஏறிய சூட்டை மாடு இருட்டிய பிறகுதான் இறக்கி வைக்கிறது. ராத்திரி குளிர்ந்த காற்று கிடைத்தால் மறுநாள் வெயிலைத் தாங்கும். கிடைக்காவிட்டால் மிச்சச் சூட்டோடு அடுத்த பகலுக்குள் நுழைகிறது. அதனால்தான் பால் பெரும்பாலும் வெயில் அடித்த அன்றே குறையாமல் இரண்டு நாள் கழித்துக் குறைகிறது. இன்றைக்கு ஒரு லிட்டர் குறைந்தால் முந்தாநாள் ராத்திரி மாடு எங்கே கட்டியிருந்தது என்று யோசியுங்கள்.

ஒரு சோதனை சொல்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு ஒரு முக்காலி போட்டு ஏறி, கொட்டாயின் சிமெண்ட் ஷீட்டை அடிப்பக்கம் உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். அப்போதும் கை வெதுவெதுப்பை உணர்ந்தால் மாட்டை அங்கே கட்டக் கூடாது. வெட்டவெளியில், வேப்பமரத்துக்குச் சற்றுத் தள்ளி, வானம் தெரிகிற இடத்தில் கட்டுங்கள். பகலில் மரத்து நிழலைவிட நல்லது வேறில்லை. ராத்திரியில் மரத்தடியைவிடத் திறந்த இடமே மேல். கொசுவுக்கு வேப்பிலைப் புகை போடலாம். ஆனால் மாட்டின் மூக்குக்கு நேராக வேண்டாம், மூச்சுக்கு அது ஏற்கெனவே திண்டாடிக்கொண்டிருக்கிறது.

அந்த மூச்சையும் எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். மாட்டுக்குப் பக்கவாட்டில் நின்று கடைசி விலா எலும்புக்குப் பின்னால் இருக்கிற பசிக்குழியைப் பாருங்கள். அது ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. கைபேசியில் ஒரு நிமிஷம் வைத்து எண்ணுங்கள். முப்பது, நாற்பது என்றால் மாடு சுகமாக இருக்கிறது. அறுபதைத் தாண்டினால் சூடு ஏறிவிட்டது. எண்பதைத் தாண்டி, வாய் திறந்து, நாக்கு வெளியே வந்து, எச்சில் நூலாக ஒழுகினால் ஆபத்து. படுக்காமல் நின்றுகொண்டே இருப்பதும் ஓர் அடையாளம்தான். உடம்பில் அதிக இடத்தில் காற்றுப் படட்டும் என்று நிற்கிறது. மத்தியானம் இரண்டு மணிக்கும் ராத்திரி பத்து மணிக்கும் எண்ணி ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மகன் வீட்டில் இருக்கிற நாளில் அவனிடம் கொடுங்கள், நன்றாகச் செய்வான்.

ஆபத்தான நிலையில் இருக்கிற மாட்டை நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணியைக் கொட்டி, முறமோ மின்விசிறியோ வைத்துக் காற்று வீசிவிட்டு 1962-க்குப் போன் செய்யுங்கள், நடமாடும் மாட்டாஸ்பத்திரி வண்டி வரும். பதற்றத்தில் வாயைப் பிளந்து தண்ணியோ மருந்தோ புகட்டிவிட வேண்டாம். மூச்சு வாங்குகிற மாட்டுக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும்.

கூரையைச் சரிசெய்ய இப்போதே ஆரம்பியுங்கள், பங்குனி முடியப் போகிறது. ஷீட்டின் மேல்பக்கம் வெள்ளைச் சுண்ணாம்பு கெட்டியாக அடித்து, அதன்மேல் பனை ஓலையையோ தென்னங்கீற்றையோ பரப்பிக் கட்டிவிடுங்கள். நம் மாவட்டத்தில் பனை ஓலைக்குப் பஞ்சமில்லை. பக்கச் சுவர் இருந்தால் மேல்பாதியை இடித்துத் திறப்பதே நல்லது. மேற்குப் பக்கம் மட்டும் சாயங்கால வெயிலுக்குத் தடுக்கு கட்டுங்கள். நனைத்த கோணியைச் சுற்றிலும் தொங்கவிடுகிறார்கள். காற்று வருகிற பக்கத்தில் மட்டும் தொங்கவிட்டு எதிர்ப்பக்கம் திறந்திருந்தால் பலன் உண்டு. நாலு பக்கமும் மூடினால் உள்ளே ஆவி பிடித்தது போலாகிவிடும். மாட்டின் மேல் தண்ணி ஊற்றுவதற்கும் இதே கணக்கு. மேலோட்டமாகத் தெளித்தால் மயிரில்தான் நிற்கும். தோல் வரைக்கும் நனைய ஊற்றி, காற்றில் காயவிட்டு, மறுபடி ஊற்ற வேண்டும். பதினொன்றுக்கு ஒரு தடவை, மூன்றுக்கு ஒரு தடவை போதும். கறக்கப் போகும்போது மடி ஈரமாக இருக்கக் கூடாது, மடிநோய் வர அந்த ஈரம் போதும்.

குடிதண்ணிக்கு வருகிறேன். கறவை மாடு கோடையில் நாளுக்கு எண்பது, நூறு லிட்டர் குடிக்கும். பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணிதானே. உங்கள் வீட்டில் காலை ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம் என்று தவிட்டோடு காட்டுகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பத்தாது. தவிட்டுத் தண்ணி வேறு, வெறும் தண்ணி வேறு. வெறும் தண்ணி ராத்திரியும் பகலும் மாடு எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். இன்னொன்று, போரிலிருந்து கொட்டாய்க்கு வருகிற கறுப்பு ஓஸ் வெயிலில் கிடந்தால் முதலில் வருவது கொதிக்கிற தண்ணி. அதைத் தொட்டியில் விட்டால் மாடு முகர்ந்துவிட்டுப் போய்விடும்; நாமோ மாட்டுக்குத் தாகமில்லை என்று நினைத்துக்கொள்வோம். முதல் தண்ணியைத் தீவனப்புல் பாத்திக்கு விட்டுவிட்டுக் கை குளிர்ந்த பிறகு தொட்டிக்கு விடுங்கள். தொட்டிக்கு மேலேயும் ஒரு கீற்று நிழல் போடுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை கழுவிச் சுண்ணாம்பு பூசினால் பாசி பிடிக்காது.

வைக்கோலை ராத்திரிக்கு மாற்றுங்கள். தின்றபின் சில மணி நேரம் கழித்துத்தான் வயிற்றுச் சூடு உச்சத்துக்கு வரும். காலை ஒன்பது மணிக்கு வயிறு முட்ட வைக்கோல் தின்றால் அந்தச் சூடும் மத்தியான வெயிலும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். விடிவதற்கு முன்னால் ஒரு பங்கு, பொழுது சாய்ந்தபின் பெரும்பங்கு என்று வைத்துக்கொண்டால் மாடு குளிர்ந்த நேரத்தில் நிதானமாக அசைபோடும், கொழுப்பும் நிற்கும். அடர்தீவனத்தையும் அப்படியே பிரித்துக் கொடுங்கள். தாது உப்புக் கலவை நாளுக்கு முப்பதிலிருந்து ஐம்பது கிராம், அதோடு ஒரு கைப்பிடியில் பாதி சாதா உப்பு. ஒழுகுகிற எச்சிலிலும் வியர்வையிலும் மாடு இழக்கிற உப்புகளை ஈடுகட்ட வேறு வழியில்லை.

எந்தத் தீவனம் என்பதில் நம் பக்கத்துக்கு ஒரு வாய்ப்பு உண்டு. இறவை மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, பங்குனி, சித்திரையில்தான் பிடுங்குகிறார்கள். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மூட்டை போகிற அதே வாரத்தில் களத்தில் மல்லாட்டைக் கொடி குவிந்து கிடக்கும். வெறும் வைக்கோலைவிடப் புரதம் கூடுதலான தீவனம் அது. மண்ணை உதறி, நிழலில் காயவைத்து, வைக்கோலோடு கலந்து போடுங்கள். கரும்பு வெட்டுகிற இடத்தில் கொழுந்தாடை கிடைத்தால் வாங்கலாம். அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்வதால் தாது உப்பைத் தவறவிடாதீர்கள். வரப்பில் அகத்தி, கிளைரிசிடியா, சவுண்டல் இருந்தால் தினம் கொஞ்சம் வெட்டிப்போடுங்கள். சவுண்டல் மட்டும் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

சோளத்தைப் பற்றி எச்சரிக்கை. காய்ச்சலில் வாடி நின்ற சோளத்திலும், அறுத்த தாளில் கோடை மழைக்குத் துளிர்க்கிற இளங்குருத்திலும் சயனைடு நஞ்சு ஏறி நிற்கும். அவிழ்த்துக்கொண்டு போன மாடு நாலு வாய் மேய்ந்துவிட்டு அங்கேயே விழுந்து துடித்துச் சாகும், சில நிமிஷத்தில். பூத்த பிறகு அறுத்த சோளத்தட்டைக்கு அந்தப் பயம் இல்லை. சித்திரையில் ஒரு மழை பெய்துவிட்டால் எல்லாரும் சந்தோஷத்தில் மாட்டை அவிழ்த்துவிடுவார்கள். நீங்கள் அன்றைக்குக் கயிற்றைக் கையிலேயே வைத்திருங்கள்.

வெறும் வைக்கோல்தான் கதி என்றால் யூரியா ஊட்டம் ஏற்றலாம். நூறு கிலோ வைக்கோலுக்கு நாலு கிலோ யூரியா, அதைக் கரைக்க ஐம்பது அறுபது லிட்டர் தண்ணி. படுக்கை படுக்கையாகப் பரப்பி, பூவாளியால் தெளித்து, மிதித்துக் காற்று இல்லாமல் செய்து, தார்ப்பாயால் மூடி இருபத்தொரு நாள் விட வேண்டும். பிரிக்கும்போது கண்ணைக் கரிக்கிற நெடி அடிக்கும். அரைமணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்குப் போடாதீர்கள். யூரியாக் கரைசல் இருக்கிற வாளியை மாடு எட்டுகிற இடத்தில் ஒரு நிமிஷம்கூட வைக்காதீர்கள். தாகத்தில் குடித்துவிட்டால் பிழைக்காது.

வைக்கோலுக்கான கணக்கைத் தையிலேயே போட்டாக வேண்டும். ஒரு மாட்டுக்கு நாளுக்கு ஆறு கிலோ என்றால் மாசி பிறந்து ஆனி முடிய நூற்றைம்பது நாளுக்குத் தொள்ளாயிரம் கிலோ. நான்கு மாட்டுக்கு 3,600 கிலோ. இயந்திரம் சுருட்டிக் கொடுக்கிற கட்டு ஒன்றை நிறுத்துப் பார்த்து, எத்தனை கட்டு வேண்டும் என்று சம்பா அறுக்கிற நேரத்திலேயே வாங்கிப் போர் போட்டுவிடுங்கள். சித்திரையில் அதே கட்டு என்ன விலை விற்கிறது என்பது உங்களுக்கே தெரியும். ராஜகிரி அடிவாரத்தில் பெரிய பெரிய நெற்களஞ்சியங்கள் இன்னும் நிற்கின்றனவே, 1690-ல் தொடங்கிய மொகலாய முற்றுகையில் 1698 வரை கோட்டை விழாமல் நின்றதில் சேமித்த தானியத்துக்கும் கோட்டையின் நீர்நிலைகளுக்கும் பங்கு உண்டு. 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் நூற்றுக்கு 62 பங்கு குறைந்து, மறுவருஷம் ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி என்று அரசு அறிவித்த கோடை உங்களுக்கு நினைவிருக்கும். அரசு தீவனக் கிடங்கு திறந்தது உதவிதான். ஆனால் போர் போட்டு வைத்திருந்தவர்கள் வீட்டில் மாடு தங்கியது. இல்லாதவர்கள் கிடைத்த விலைக்குக் கயிற்றை மாற்றிக் கொடுத்தார்கள்.

இனி சினைமாட்டுக்கு வருகிறேன். சினையின் கடைசி இரண்டு மாதத்தில்தான் கன்று வேகமாக வளர்கிறது. அடுத்த ஈத்துக்கான பால் சுரப்பிகள் மடியில் புதிதாகக் கட்டுவதும் அப்போதுதான். அந்த நேரத்தில் மாடு வெயிலில் வெந்தால் கன்று எடை குறைந்து பிறக்கும், மடியும் சரியாகக் கட்டாது. அமெரிக்காவில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் இதைப் பல கோடைகளாகச் சோதித்திருக்கிறார்கள். பால் வற்றிய சினைமாடுகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, இரண்டுக்கும் நிழல் கொடுத்து, ஒன்றுக்கு மட்டும் மின்விசிறியும் நீர்த்தெளிப்பும் வைத்தார்கள். ஈன்ற பிறகு எல்லா மாட்டையும் ஒரே மாதிரிதான் பராமரித்தார்கள். ஆனாலும் குளிர்ச்சியில் இருந்த மாடுகள் நாளுக்கு நாலைந்து லிட்டர் கூடுதலாகக் கறந்தன. அவை நம்மைவிடப் பல மடங்கு கறக்கிற மாடுகள், அந்த லிட்டர் கணக்கை அப்படியே இங்கே எதிர்பார்க்க முடியாது. ஆனால் அடுத்த செய்தி எனக்குப் பெரிதாகப் பட்டது. வயிற்றில் இருக்கும்போது வெயிலுக்கு ஆளான கிடேரிகள் வளர்ந்து தாங்கள் கறவைக்கு வந்தபோதும் குறைவாகவே கறந்தன.

நம் ஊரில் என்ன செய்கிறோம்? கறக்கிற மாட்டை விசிறிக்கடியில் கட்டிவிட்டு, வற்றிய மாட்டை வரப்பு ஓரமோ ஏரிக்குள்ளோ முளையடித்துவிட்டு வருகிறோம். இன்றைக்குப் பால் தராததால் அதற்கு நிழல் தேவையில்லை என்று நினைக்கிறோம். மாட்டின் ஒரு வருஷத்து உழைப்பும் அதன் கன்றின் ஆயுள் உழைப்பும் அந்த முளைக்குச்சியில் போய்விடுகிறது. உங்களிடம் இருப்பது ஒரே ஒரு விசிறி என்று எழுதியிருந்தீர்கள். அது இந்தக் கோடையில் சினைமாட்டின் பக்கம் திரும்பட்டும். அதன் தண்ணித்தொட்டி முதலில் நிறையட்டும். மல்லாட்டைக் கொடியில் நல்ல பங்கும் அதற்கே போகட்டும்.

விற்றே ஆக வேண்டிய நெருக்கடி என்றால், மூன்று முறை ஊசி போட்டும் சினை பிடிக்கவில்லை என்றீர்களே, அந்த மாட்டைப் பற்றி யோசிக்கலாம். அதையும் உடனே தள்ளிவிட வேண்டாம். கோடையில் பருவ அறிகுறி ராத்திரியில் வந்து விடியலில் அடங்கிவிடும். கத்தாது, வழும்பு மட்டும் கொஞ்சம் தெரியும். ராத்திரி பத்து மணிக்கு மூச்சு எண்ணப் போகும்போதே வாலைத் தூக்கிப் பாருங்கள். கால்நடை மருத்துவரிடம் கருப்பையையும் ஒரு தடவை சோதித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் கொடுத்துவிடலாம். ஆனால் சித்திரை, வைகாசியில் எல்லாரும் சந்தைக்கு ஓட்டுகிற நேரத்தில் ஓட்டினால் வியாபாரி சொன்னதுதான் விலை. முடிந்தவரை பொறுத்து அடுத்த தையில் கொடுங்கள். வருகிற பணத்தில் முதலில் வைக்கோல் வாங்குங்கள்.

சினைமாடு ஆனி மாதத் தொடக்கத்தில் ஈனும் என்று கணக்கு வருகிறது. கன்று விழுந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் இரண்டு லிட்டராவது உள்ளே போக வேண்டும், நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கோடையைத் தாங்கி வந்த தாயின் கன்றுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவாக இருக்கும், அதனால் இதில் தாமதம் வேண்டாம். ஈன்றதும் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். மூச்சு எண்ணிய நோட்டையும் பத்திரமாக வைத்திருங்கள், எந்த வாரத்தில் எண்ணிக்கை ஏறியது என்று பார்த்து அடுத்த வருஷத்துக்குக் கூரையை எப்படி மாற்றலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்,
உங்கள் கடிதத்துக்குக் கடன்பட்ட எழுத்தாளன்